மூன்றரை மணி நேரம் முந்திய நிழல்

மகரரேகை தார்ச்சாலையைக் குறுக்கே வெட்டிப்போகும் இடத்துக்குக் கொஞ்சம் வடக்கே, ரயில் நின்று மூச்சு வாங்கிவிட்டுப் போகிற மகாலப்பியே என்ற போட்ஸ்வானா ஊரில், பதினோரு தமிழ்க் குடும்பங்கள் அடுத்த வருஷம் ஊருக்குத் திரும்பிவிடுவதாக இருந்த காலத்தில், அதாவது தொடர்ந்து இருபது வருஷமாக அப்படி இருந்த காலத்தில், சண்முகவடிவு டீச்சரின் நிழல் ஒரு பிப்ரவரி மாதம் உள்ளூர்ச் சூரியனை விட்டுவிட்டுக் கோவில்பட்டிச் சூரியனுக்குக் கட்டுப்பட ஆரம்பித்தது.

முதலில் பார்த்தவர் மா மொலெஃபே. அந்த ஊரில் பெண்களைப் பெயருக்கு முன்னால் 'மா' போட்டுத்தான் கூப்பிடுவார்கள். மா மொலெஃபே விவசாயப் பாட டீச்சர், வடிவு டீச்சருக்கு அடுத்த குவார்ட்டர்ஸ், ஆகிருதியான பெண்மணி. மதியம் மூன்று மணிக்கு விளையாட்டு மைதானத்தில் பிள்ளைகளின் நிழல்கள் எல்லாம் செம்மண்ணில் கிழக்கே சாய்ந்து கிடக்க, விசிலோடு நின்ற வடிவு டீச்சரின் காலடி மட்டும் துடைத்துவிட்டதுபோல வெறுமையாக இருந்ததைப் பார்த்து, உன் நிழல் எங்கே என்று கேட்டார். டீச்சர் குனிந்து பார்த்தார், கொஞ்சம் யோசித்தார், அங்கே இப்போது ஆறரை மணி, பொழுது அடைந்திருக்கும் என்றார். குடையை ஸ்டாஃப் ரூமில் வைத்துவிட்டு வந்தேன் என்று சொல்கிற குரல்தான் அது.

அதிலிருந்து தினமும் அப்படித்தான். காலை எட்டரைக்கு ஊரார் நிழலெல்லாம் நீண்டு கிடக்கும்போது இவருடையது காலைச் சுற்றிச் சின்னதாகக் குவிந்திருக்கும், ஏனென்றால் கோவில்பட்டியில் அப்போது உச்சிவேளை. இங்கே உச்சிவேளை வரும்போது இவருடையது மட்டும் கிழக்குப் பார்த்து ஆள் உயரத்துக்கு மேல் நீளும். மூன்று மணிக்கு அணைந்துவிடும். அங்கே மேகம் போட்டால் நிழல் வெளுத்துப்போகும். சித்திரை மாதம் ஒரு நாள் கோவில்பட்டியில் கோடை மழை கொட்டியபோது நிழல் சொட்டச் சொட்ட நனைந்து, டீச்சர் வகுப்பு வகுப்பாக நடந்த வழியெல்லாம் ஈரமாகி, கடைசியில் அவரே மாப் எடுத்துத் துடைக்க வேண்டியதாயிற்று.

ஏன் அப்படி ஆயிற்று என்று எங்களில் யாரும் ரொம்ப ஆராயவில்லை. எங்கள் வீடுகளில் ஹாலில் மாட்டியிருப்பது இந்திய நேரக் கடிகாரம், உள்ளூர் நேரம் அடுப்படியில். மடக்க முடியாத எதையும் வாங்குவதில்லை என்பது பதினோரு குடும்பத்துக்கும் எழுதாத சட்டம். மடக்கு நாற்காலி, மடக்கு மேஜை, மடக்குக் கட்டில், துணி உலர்த்த மடக்கு ஸ்டாண்டு. கான்ட்ராக்ட் முடிந்தால் சட்டென்று விற்றுவிட்டுக் கிளம்ப வேண்டுமல்லவா. ஒருவரை எத்தனை வருஷமாக இங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டால் வருஷத்தைச் சொல்ல மாட்டார், மூன்று கான்ட்ராக்ட், நான்கு கான்ட்ராக்ட் என்பார். வடிவு டீச்சருக்கு ஐந்து. மூன்று மூன்று வருஷமாகப் பதினைந்து வருஷம், அந்த டிசம்பரோடு ஐந்தாவதும் முடிகிறது.

ஆனால் வந்த புதிதில் அவரைப் பார்த்திருக்க வேண்டும். பூகோள டீச்சர். மகரரேகைப் பலகை நிற்கிற இடத்துக்குப் பிள்ளைகளை பஸ்ஸில் கூட்டிப்போய், ஒரு கால் வெப்ப மண்டலத்திலும் ஒரு கால் மிதவெப்ப மண்டலத்திலுமாக ஒவ்வொருவரையும் நிறுத்தி வைத்துச் சிரித்தவர். பள்ளி மைதானத்தில் ஒரு கம்பை நட்டு, அதன் நிழலை அளந்து அளந்தே உலகம் சுற்றுவதைக் காட்டியவர். உள்ளூர் மொழியான செட்ஸ்வானாவில் தினம் பத்து வார்த்தை என்று ஒரு நோட்டில் எழுதி மனப்பாடம் செய்தார். அறுநூற்று நாற்பதாவது வார்த்தையோடு அந்த நோட்டு நின்றுபோனது. பெரிதாக எதுவும் நடந்துவிடவில்லை. ஊரில் மனை வாங்கினார்கள், மகளைக் கோயம்புத்தூரில் காலேஜில் சேர்த்தார்கள், டீச்சர் பழைய நோட்ஸையே வைத்துப் பாடம் எடுத்தார், ஊருக்குப் போனதும் செய்ய வேண்டியதை மனசுக்குள் அடுக்கிக்கொண்டே நடந்தார். கம்பு கறையான் தின்று விழுந்ததைக்கூட அவர் கவனிக்கவில்லை.

மகாலப்பியே ஊர்க்காரர்கள் விஷயத்தைக் கோட்லாவுக்கு எடுத்துப் போனார்கள். கோட்லா என்பது தலைவர் முன்னால் மர நிழலில் கூடும் ஊர் மன்றம். யார் வேண்டுமானாலும் எழுந்து பேசலாம், பேசி முடிக்கிறவரை யாரும் குறுக்கிடக் கூடாது. குற்றம் சாட்டக் கூப்பிடவில்லை, ஊரில் புதிதாக எது வந்தாலும் அதை எந்தப் பட்டியில் அடைப்பது என்று பேசி வைத்துக்கொள்வது அவர்கள் வழக்கம். அரை நாள் பேசினார்கள். கடைசியில் மாடு வளர்க்கிற ஒருவர் எழுந்து, இதில் பேச என்ன இருக்கிறது, கால் இங்கே நிற்கிறது, மேய்ச்சல் வேறு எங்கோ நடக்கிறது, இது வழிதவறிய மாடு என்றார். வழிதவறிய மாட்டுக்கு அந்த நாட்டில் தெளிவான சட்டம் உண்டு. அங்க அடையாளத்தை எழுதி அறிவிப்பார்கள், கெடு வைப்பார்கள், உரியவர் தானே வந்து ஓட்டிப்போக வேண்டும், கெடு தாண்டினால் அது போய்ச் சேர்ந்த மந்தைக்கே சொந்தம். குமாஸ்தா பெரிய நோட்டைத் திறந்து எழுதினார்: நிழல், ஒன்று. நிறம் கறுப்பு. கொம்பு இல்லை. சூட்டுக்குறி இல்லை. உரியவர், பூகோள டீச்சர். கெடு, டிசம்பர்.

எங்கள் ஆட்கள் எடுத்துக்கொண்ட விதம் வேறு. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான்தான் தமிழ்ச் சங்கத்தின் செயலாளர், வேறு யாரும் அகப்படாததால் ஒன்பது வருஷமாக நான்தான். பகலில் ஹார்டுவேர் கடையில் மேனேஜர். ஞாயிற்றுக்கிழமை காலையில் டீச்சர் வீட்டு முற்றத்துக்குப் போய் நிழலை போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுவதை நான் ஆரம்பித்து வைத்தேன். அப்புறம் போட்டோ போதவில்லை, குடும்பம் குடும்பமாக நேரிலேயே வந்துவிட்டார்கள். ஊருக்கு போன் போடுவதற்கு முன்னால் நிழலைப் பார்த்து, இன்னும் வெயில் தாழவில்லை, அம்மா தூங்கிக்கொண்டிருப்பாள், கொஞ்சம் பொறுப்போம் என்பார்கள். சேலத்துக்காரர் ஒருவர் நிழலைக் கொஞ்சம் சேலம் பக்கம் திருப்ப முடியுமா என்று கேட்டார். எல்லார் கையிலும் போன் இருந்தது, போனில் வானிலை இருந்தது, ஆனாலும் டீச்சர் நனைந்த நிழலோடு வீட்டுக்கு வந்த அந்தச் சித்திரை நாளில் பெண்கள் குனிந்து முற்றத்துத் தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள், நானும் ஒற்றிக்கொண்டேன். கல்கண்டு, வாழைப்பழம் எல்லாம் வர ஆரம்பித்தன. டீச்சர் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தபடி, எங்கள் எல்லாருக்கும் தன் நிழலைக் காட்டிக்கொண்டிருந்தார்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் எல்லாரும் எழுந்து போன பிறகு, அவர் தன் கணவர் சிதம்பரநாதனிடம் பேசினார். ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கும் சாதுவான மனுஷர் அவர், பிற்பாடு அவரே என்னிடம் சொன்னது இது.

"இருந்தா முழுசா இருக்கணுங்க. இல்லன்னா இந்த டிசம்பரோட கிளம்பிரணும். பாதி இங்க பாதி அங்கன்னு இன்னொரு மூணு வருஷம் என்னால முடியாது."

"எது உனக்கு வேணும் வடிவு?"

"எனக்கு இந்த ஊரு பிடிச்சுத்தான் வந்தேன். அது எப்பம் போச்சுன்னே தெரியல. அது திரும்ப வருதான்னு பாக்கணும்."

ஆறாவது கான்ட்ராக்ட் படிவம் வந்தாயிற்று. டிசம்பரில் ஒரு நாள், மகாலப்பியேயில் சூரியன் நேர் உச்சிக்கு வரும், அன்று உச்சிவேளையில் அந்த ஊரில் எதற்கும் நிழல் விழாது. அந்த நாளில் தன் நிழலும் காலடிக்குள் அடங்கினால் கையெழுத்துப் போடுவது, அடங்காவிட்டால் கிளம்புவது என்று டீச்சர் முடிவு செய்தார்.

மறுநாளே புதுக் கம்பு நட்டார். கம்பின் நிழலுக்கும் தன் நிழலுக்கும் உள்ள இடைவெளியைப் பிள்ளைகளை விட்டு அளக்கச் சொன்னார், கடிகாரக் கணக்கு மூன்றரை மணி என்றாலும் சூரியக் கணக்கில் மூன்று மணி இருபத்து நான்கு நிமிஷம் என்று வந்தது. ஹாலில் இருந்த இந்தியக் கடிகாரத்தைக் கழற்றிப் பரணில் போட்டார், நிழல் அசையவில்லை. பிள்ளைகள் நிழலின் ஓரத்தில் கல்லைத் தூக்கி வைத்துப் பார்த்தார்கள், அது கல்லுக்கு அடியிலிருந்து நழுவிக்கொண்டது. ஒரு மாதம் இப்படியே போனது. அப்புறம் ஒரு சனிக்கிழமை பக்கத்து ஊர்ப் பள்ளியோடு நெட்பால் போட்டி, கடைசிப் பத்து நிமிஷத்தில் நடுவர் ஒரு கோலை இல்லையென்று சொல்ல, எங்கள் வடிவு டீச்சர் கோட்டைத் தாண்டி உள்ளே ஓடி, பத்து வருஷமாக நாக்கில் வராத செட்ஸ்வானாவில் நடுவரைப் பிடித்து உலுக்கி எடுத்துவிட்டார். கோல் கிடைக்கவில்லை. ஆனால் திங்கட்கிழமை அளந்தபோது நிழல் நான்கு நிமிஷம் நெருங்கி வந்திருந்தது.

அவருக்குப் பிடி கிடைத்துவிட்டது. ஊருக்குப் போனதும் என்ற நினைப்பு இல்லாமல் எதைச் செய்கிறோமோ அது நிழலை இழுக்கும். அறுநூற்று நாற்பத்தொன்றாவது வார்த்தையிலிருந்து நோட்டைத் தொடர்ந்தார். மா மொலெஃபேயோடு காட்டுக் கீரை பறிக்கப் போய், அதில் கடுகும் மிளகாய் வற்றலும் தாளித்துக் கொட்டி அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தார். முருகன் படத்துக்கு விளக்கேற்றிவிட்டு அப்படியே போய்ச் சர்ச் பாட்டுக்குழுவில் மூன்றாவது வரிசையில் நின்று பாடினார், குரல் கட்டை, யாரும் கண்டுகொள்ளவில்லை. எதற்கு எத்தனை நிமிஷம் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. புதிதாக எழுதிய ஒரு பாடத்துக்கு ஒன்பது நிமிஷம் வந்தது, நிழலுக்காகவே போன ஒரு கல்யாணத்துக்கு ஒன்றும் வரவில்லை. ஊரிலிருந்து தம்பி மனை விஷயமாக ஒரு மணி நேரம் பேசினால் நிழல் பின்வாங்கும். மகளுக்கு டெங்கு காய்ச்சல் வந்த வாரத்தில் ஒரேயடியாக நாற்பது நிமிஷம் போய்விட்டது, அளந்த பிள்ளைகள் முகம் வாடி நின்றபோது, அது போக வேண்டிய இடத்துக்குத்தான் போயிருக்கிறது, மறுபடி இழுத்துக்கொள்வோம் என்று சொல்லிவிட்டுக் கம்பைச் சரியாக நட்டார்.

ஆகஸ்டில் இடைவெளி ஒன்றரை மணிக்குக் குறைந்தது. நிழலைப் பார்த்து போன் போட்டவர்கள் ஊரில் எல்லாரும் படுத்த பிறகு போட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். அங்கே ஆடிக் காற்று அடிக்கிறதா என்று பார்த்தால் நிழலில் போட்ஸ்வானாப் புழுதியும் கலந்து தெரிந்தது. சங்கத்தைக் கூட்டி, டீச்சர் நிழலை இருந்தபடியே விட வேண்டும் என்று தீர்மானம் போட்டோம். தேநீர் வேண்டுமா என்று கேட்கிறார்கள் என நினைத்துச் சிதம்பரநாதனும் கை தூக்கியதால் ஏகமனதாக நிறைவேறியது. அதை எடுத்துக்கொண்டு நான் போனேன். எல்லாருக்கும் அது ஓர் ஆறுதலாக இருக்கிறது, உங்களுக்கு அதனால் என்ன நஷ்டம் என்று கேட்டேன். டீச்சர் பரீட்சைத் தாளிலிருந்து தலையைத் தூக்கினார்.

"அண்ணாச்சி, நீங்க மழ பாக்கணும்னு நான் இங்க காஞ்சு கெடக்கணுமா?"

எனக்குக் கோபம் வந்தது. அவர் ஊர்ப்பற்றே இல்லாதவர் என்று வழியெல்லாம் மனசுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன். அந்த வாரம் முழுக்க அவர் வீட்டுப் பக்கம் போகவில்லை.

அக்டோபர் கடைசியில் இடைவெளி அரை மணியில் வந்து நின்றது, நின்றது நின்றதுதான். டீச்சர் என்னென்னவோ செய்து பார்த்தார். பாடினார், கீரை பறித்தார், வார்த்தை ஆயிரத்தைத் தாண்டியது, பிள்ளைகளோடு மகரரேகைப் பலகைக்கு மறுபடி போய்வந்தார். அரை மணி அசையவில்லை. கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு சாயங்காலம் மா மொலெஃபே வந்து வழக்கம்போல அடுப்படி நிலையில் சாய்ந்து நின்று பேசிக்கொண்டிருந்தார். பதினைந்து வருஷமாக அவர் அப்படித்தான் நிற்பார், அவசரமாகப் போக வேண்டியவர் என்று டீச்சர் நினைத்திருந்தார். அன்றைக்கு அசதியில், உட்காரேன், ஏன் எப்போதும் நிற்கிறாய் என்று கேட்டார்.

"எதில் உட்கார?" என்றார் மா மொலெஃபே. "முதல் வருஷம் ஒன்றில் உட்கார்ந்தேன், மா வடிவு. அது என்னைக் கீழே போட்டுவிட்டு மடங்கிக்கொண்டது. உன் வீட்டில் இருப்பதெல்லாம் கிளம்பத் தயாராக இருக்கிற நாற்காலி. அப்புறம் நான் உட்காரவில்லை."

டீச்சர் அழுதார். பதினைந்து வருஷம் தன் வீட்டுக்கு வந்த ஒருத்தியை ஒரு நாள்கூட உட்கார வைக்கவில்லை என்பது அவருக்குத் தாங்கவில்லை. மறுநாள் பக்கத்து ஊர்த் தச்சரிடம் போய், பத்துப் பேர் உட்காருகிற மாதிரி மேஜையும், ஆனையே உட்கார்ந்தாலும் ஆடாத நாற்காலிகளும் கேட்டார். நவம்பர் நடுவில் லாரியில் வந்து இறங்கியது, முக்வா மரம், சிவப்பாக, நாலு பக்கமும் நாலு நாலு பேர் தூக்க வேண்டியிருந்தது, எங்கள் கடையிலிருந்து ஆள் அனுப்பச் சொல்லிக் கேட்டார், கோபத்தை விழுங்கிக்கொண்டு அனுப்பினேன். வாசலில் நுழையவில்லை. நீளவாக்கில், படுக்கையாக, கால் முன்னால் விட்டு, எப்படித் திருப்பியும் நுழையவில்லை. சரி, வெளியிலேயே இருக்கட்டும் என்று முற்றத்து மரத்தடியில் போட்டார்கள். மா மொலெஃபே சுற்றிவந்து பார்த்துவிட்டு, தலைமாட்டு நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, இரண்டு கையையும் மேஜைமேல் விரித்து வைத்து, டீ கொண்டு வா என்றார். மறுநாள் அளந்தபோது ஆறு நிமிஷம்தான் பாக்கி இருந்தது.

அந்த ஆறு நிமிஷத்தோடுதான் டிசம்பர் வந்தது. பள்ளி விடுமுறை விட்டாயிற்று, ஆனாலும் சூரியன் உச்சிக்கு வருகிற அன்று காலை பத்து மணிக்கே பிள்ளைகள் முற்றத்தில் கூடிவிட்டார்கள், பாட்டுக்குழு வந்தது, கோட்லாக் குமாஸ்தா பெரிய நோட்டோடு வந்தார். நாங்கள் மற்றப் பத்துக் குடும்பமும் போய் ஒரு பக்கமாக நின்றோம். நிழல் வந்து சேரக் கூடாது என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டுதான் நான் நின்றேன், அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. மேஜைமேல் கான்ட்ராக்ட் படிவம் ஒரு கல்லுக்கு அடியில் இருந்தது. டீச்சர் மரத்தடியை விட்டு வெயிலுக்கு வந்து கம்புக்குப் பக்கத்தில் நின்றார்.

பன்னிரண்டு மணி ஆறு நிமிஷத்துக்கு உச்சி. கம்பின் நிழல் விரற்கடை ஆயிற்று, நகமாயிற்று, கம்புக்குள் போய்விட்டது. கோழிகளின் நிழல் கோழிகளுக்கு அடியில் போனது, பிள்ளைகளுடையது போனது, மா மொலெஃபேயுடையது போனது. டீச்சரின் காலடியிலிருந்து மட்டும் இன்னும் ஒரு சாண் கீற்று வடகிழக்கே நீண்டிருந்தது. டீச்சர் அதைப் பார்த்தார். பிறகு நேராக மேஜைக்குப் போனார், கல்லைத் தள்ளினார், நிழல் வருகிறதா என்று திரும்பிக்கூடப் பார்க்காமல் படிவத்தில் கையெழுத்தைப் போட்டார், தேதியும் போட்டார், பேனாவை மூடி வைத்துவிட்டுத் திரும்ப வெயிலுக்கு வந்து நின்றார்.

"வந்தா வருது," என்றார் தமிழில், எங்களைப் பார்த்து. "நான் வந்துட்டேன்."

கீற்று மண்ணில் சரசரவென்று இழுபட்டு அவர் காலடிக்குள் போய் அடங்கியது. டீச்சர் ஒரு காலைத் தூக்கிக் காட்டினார், அடியில் பாதம் அளவுக்கு நிழல், அதற்கு வெளியே ஒன்றுமில்லை. பிள்ளைகள் எல்லாம் ஒரே குரலில் 'புலா' என்று கத்தினார்கள், மழை என்று அர்த்தம், அந்த ஊரில் எந்த நல்லது நடந்தாலும் அதைச் சொல்லித்தான் கத்துவார்கள். குமாஸ்தா நோட்டில் உரியவர் ஓட்டி வந்தார் என்று எழுதினார். எழுதி முடித்து நிமிர்ந்தவர், எங்கள் பக்கம் பார்த்துவிட்டு அப்படியே நின்றார்.

நாங்களும் குனிந்து பார்த்தோம். எதற்குமே நிழல் இல்லாத அந்த நேரத்தில், எங்கள் பத்துக் குடும்பத்தின் காலடியிலிருந்தும், பெரியவர், சின்னவர், இங்கேயே பிறந்த பிள்ளைகள் எல்லார் காலடியிலிருந்தும், மெல்லிசாகச் சாம்பல் நிறத்தில் ஒரு நிழல் வடகிழக்கே நீண்டுகொண்டிருந்தது. மற்ற நாட்களில் உள்ளூர் நிழலுக்கு அடியில் அது கிடந்திருக்க வேண்டும், யார் பார்த்தது. சேலத்துக்காரருடையது ஒரு முழம். என்னுடையதுதான் இருப்பதிலேயே நீளம், முற்றத்தைக் கடந்து வேலியைத் தொட்டுக்கொண்டிருந்தது. இருபது வருஷத்தை நான் எங்கே வைத்தேன் என்று எனக்கு அப்போது தெரிந்தது, முகத்தைக் கையால் மூடிக்கொண்டேன். குமாஸ்தா ஒவ்வொருவராக விரல் நீட்டி எண்ணிவிட்டு, புதுப் பக்கம் திருப்பி எழுதினார்: நிழல், முப்பத்தெட்டு. நிறம் சாம்பல். கொம்பு இல்லை. கெடு, அடுத்த டிசம்பர்.

டீச்சர் கம்பைப் பிடுங்கி என் கையில் கொடுத்தார்.

மறுநாள் காலையில் கடையைத் திறந்ததும் முதல் வேலையாக அந்தத் தச்சருக்குப் போன் செய்து, முக்வா மரத்தில் ஒரு கட்டில் வேண்டும் என்றேன். வீட்டு வாசல் எவ்வளவு அகலம் என்று கேட்டார். வாசலை இடித்துக்கொள்கிறேன், நீங்கள் பெரிதாகவே செய்யுங்கள் என்றேன்.